பெர்முட்டிட்: நீர் மென்மையாக்க வரலாற்றில் சொல்லும் பொருளும்

1. முன்னுரை

கலங்கிய நீரைத் தெளிவிப்பதற்காகத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகத் தொன்மையானது. கலித்தொகையிலேயே இவ்வழக்கம் உவமையாக ஆளப்பட்டுள்ளது. மனுநூலிலும் இவ்விதை ஓர் உவமைக்குப் பயன்படுகிறது. விதை நீரைத் தெளிவிக்கும் என்பது உண்மையே. எனினும் அதன் பெயரைச் சொல்வதனால் மட்டும் நீர் தெளிந்துவிடாது என்பதே அங்குச் சுட்டப்படும் கருத்தாகும். சொல் வேறு, பொருள் வேறு என்னும் அடிப்படை உண்மையை இதனினும் எளிதாக விளக்குதல் அரிது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் அறிவியல் வரலாற்றில் உண்டு. பொருள் இருக்கிறது, அது செயல்படுகிறது, நீரும் மென்மையாகிறது. ஆயினும் சொல்லவேண்டிய ஒன்று சொல்லப்படாமற் போனதால், கண்டுபிடிப்பின் மீதான உரிமை இல்லை என்று தீர்ப்பாகிறது. செருமானிய வேதியியலர் இராபர்ட் கான்ஸ் உருவாக்கிய நீர் மென்மையாக்கக் கருவியின் வரலாறு இத்தகையது. அவ்வரலாற்றை அதனோடு தொடர்புடைய சொற்களின் வழியே காண்பதும், தமிழில் நீர்த்தொழில் நுட்பத்தை எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் அதிலிருந்து பெறத்தக்கது யாது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. பாதி மட்டும் சொன்ன சொல்

கான்சின் கருவிக்கு அடிப்படையான வேதி நிகழ்ச்சி முதலில் தெளிவாக அறியப்பட்டது நீரில் அன்று, மண்ணில். இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியைச் சேர்ந்த நிலக்கிழார் எச். எசு. தாம்சன், உரமாக இடப்படும் அம்மோனியம் உப்பு மழைநீரோடு கரைந்து போய்விடாமல் மண்ணிலேயே தங்குவதை 1840களில் ஆய்ந்தார். அரச வேளாண்மைக் கழகத்தின் வேதியியலராக இருந்த ஜான் தாமசு வே இதனை விரிவாகச் சோதித்து 1850, 1852 ஆகிய ஆண்டுகளில் தம் முடிவுகளை வெளியிட்டார். மண் நிரம்பிய குழாயின் மேற்புறத்தில் அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை ஊற்றினால், அடிப்புறத்தில் வடிவது கால்சியம் சல்பேட்டுக் கரைசலாக இருக்கும். அம்மோனியம் மண்ணில் தங்க, அதற்கு ஈடாகக் கால்சியம் வெளியேறுகிறது.

வே தம் கட்டுரையின் தலைப்பில் இந்நிகழ்ச்சியை மண்ணின் 'உறிஞ்சும் ஆற்றல்' என்றே குறித்தார். இச்சொல் நிகழ்ச்சியின் ஒரு பாதியை மட்டுமே சுட்டுகிறது. உள்ளே சென்றதை அது சொல்கிறது. வெளியே வந்ததைச் சொல்லவில்லை. இந்நிகழ்ச்சி மீளும் தன்மையற்றது என வே கருதியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. உறிஞ்சப்பட்டதை மீண்டும் வெளியேற்ற இயலும் என்பதை 1858ஆம் ஆண்டில் ஐகார்ன் என்னும் செருமானிய அறிஞர் இயற்கைச் சியோலைட்டுக் கனிமங்களைக் கொண்டு நிறுவினார். இதன் பின்னரே 'பரிமாற்றம்' என்னும் கருத்துக்கு உறுதியான அடித்தளம் கிடைத்தது. வேயின் பிழைக்கு அவர் ஆண்ட சொல்லே காரணம் எனக் கூறிவிட முடியாது. ஆனால் அச்சொல் பிழையைத் திருத்திக்கொள்ள உதவவில்லை எனலாம்.

'அயனி' என்னும் கருத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அப்போது இல்லாமலில்லை. மைக்கேல் பாரடே, கேம்பிரிட்சு அறிஞர் வில்லியம் ஊவெலின் துணையோடு, கிரேக்க வேர்களிலிருந்து 'அயான்', 'ஆனோடு', 'காதோடு' முதலிய சொற்களை 1834ஆம் ஆண்டிலேயே ஆக்கியிருந்தார். 'அயான்' என்பதன் வேர்ப்பொருள் 'செல்வது' என்பதாகும். ஆயினும் அச்சொல் மின்பகுப்பின் எல்லைக்குள்ளேயே நின்றது. மின்சாரம் இல்லாத சாதாரணக் கரைசலிலும் அயனிகள் உண்டு என்னும் கொள்கை, 1880களில் சுவீடன் நாட்டு அர்ரீனியசின் ஆய்வுகளுக்குப் பிறகே ஏற்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மண்ணியலார் இதனைக் 'காரப் பரிமாற்றம்' என்னும் தொடரால் குறித்தனர். பரிமாறப்படுவது காரம் அன்று, நேர்மின் அயனியே என்பது தெளிவான பின்னும் அத்தொடர் நெடுங்காலம் நிலைத்தது.

3. கான்சும் 'பெர்முட்டிட்' என்னும் பெயரும்

இராபர்ட் கான்ஸ் பெர்லினில் இருந்த பிரசிய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். மண்ணில் நிகழும் பரிமாற்றத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவர முடியும் என்பதை 1905ஆம் ஆண்டையொட்டி அவர் செய்துகாட்டினார். களிமண், குவார்ட்சு, சோடா ஆகியவற்றை உருக்கிக் கலந்து, அவ்வுருகலை நீரால் கழுவி, சோடியம் அலுமினோ சிலிகேட்டு மணிகளை அவர் செயற்கையாக ஆக்கினார். கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்துள்ள கடின நீரை இம்மணிகளின் ஊடே செலுத்தினால், நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் மணிகளில் தங்கும். மணிகளிலுள்ள சோடியம் நீரில் சேரும். மணிகளிலுள்ள சோடியம் தீர்ந்ததும், கறியுப்புக் கரைசலை அவற்றின் ஊடே செலுத்தினால் எதிர்மாற்றம் நிகழ்ந்து மணிகள் பழைய நிலையை அடையும்.

இதன் பொருளியல் முதன்மை பெரிது. அதற்கு முன் நீரை மென்மையாக்கும் வழக்கமான முறை, அபர்தீனில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமசு கிளார்க் 1841ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற சுண்ணாம்பு முறையாகும். சுண்ணாம்பைச் சேர்த்து, வீழ்படிவு தங்கக் காத்திருந்து, சேற்றை அகற்றுதல் அதன் இயல்பு. அது தற்காலிகக் கடினத்தன்மையை மட்டுமே நீக்கும்; நிரந்தரக் கடினத்தன்மையை நீக்கச் சோடாவும் தேவை. கான்சின் முறையில் சேறும் இல்லை, காத்திருப்பும் இல்லை. கொதிகலன்களில் படியும் சுண்ணாம்புப் பொருக்கினால் எரிபொருளை இழந்துகொண்டிருந்த ஆலைகளும், சவர்க்காரம் நுரைக்காத நீரினால் இடர்ப்பட்ட சலவைத் தொழிலகங்களும் இம்முறையை நாடியதில் வியப்பில்லை. சர்க்கரைச் சாற்றிலுள்ள தேவையற்ற உப்புகளை மாற்றுவதற்கும், இரும்பு, மாங்கனீசு ஆகியவை கலந்த நீரைத் திருத்துவதற்கும் இதே வகைப் பொருள்கள் பயன்படுத்தப்பட்டன.

இப்பொருளுக்கு இடப்பட்ட பெயர் 'பெர்முட்டிட்'. 'பரிமாறுதல்' எனப் பொருள்படும் 'பெர்முத்தாரே' என்னும் இலத்தீன் வினை இதன் அடிச்சொல். வணிகப் பெயராயினும், வேயின் 'உறிஞ்சுதல்' சொல்லாமல் விட்ட மறுபாதியை இப்பெயர் சொல்லிவிடுகிறது. பொருளின் தோற்றத்தையோ ஆக்கியவரையோ ஊரையோ சுட்டாமல் அதன் செயலைச் சுட்டும் பெயர் இது. கலைச்சொல்லாக்கத்தில் விரும்பத்தக்க இப்பண்பு ஒரு வணிகப் பெயரில் அமைந்தது குறிப்பிடத்தக்கது. பின்னர் இது நிறுவனத்தின் பெயராயிற்று. சில மொழிகளில் அவ்வகைப் பொருள்கள் அனைத்துக்குமான பொதுப்பெயராகவும் வழங்கிற்று.

4. வரைபடம் பேசுமா? 1931ஆம் ஆண்டின் தீர்ப்பு

கான்சின் கருவிக்கு அமெரிக்க நாட்டில் 1916ஆம் ஆண்டில் காப்புரிமை வழங்கப்பட்டது. அவ்வுரிமை பெர்முட்டிட் நிறுவனத்துக்கு மாற்றித் தரப்பட்டிருந்தது. கிரேவர் என்னும் நிறுவனம் தன் உரிமையை மீறியதாகப் பெர்முட்டிட் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. இக்காப்புரிமை பற்றிக் கீழ்நிலை நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட தீர்ப்புகளை வழங்கியிருந்தமையால் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1931ஆம் ஆண்டில் நீதியரசர் பிராண்டைசு தீர்ப்பினை எழுதினார்.

காப்புரிமையின் உரிமைக்கோரல் கருவியின் உறுப்புகளை வரிசையாக எடுத்துரைத்தது: ஒரு கூடு, அதனுள் மணல் அல்லது குவார்ட்சுப் படுகை, அப்படுகையின் மேல் அமைந்த சியோலைட்டு அடுக்கு, நீர் செல்வதற்கான வழி, சியோலைட்டின் ஆற்றல் தீர்ந்ததும் நீரை நிறுத்துவதற்கான வழி, மணிகளை மீளாக்கும் உப்புக் கரைசலைச் செலுத்துவதற்கான வழி. இவ்வுறுப்புகளில் பல முன்னரே அறியப்பட்டவை. ஆகவே நிறுவனம் நீதிமன்றத்தில் வேறொன்றைக் கண்டுபிடிப்பின் உயிர்நிலையாக முன்வைத்தது. சியோலைட்டு அடுக்கு மேற்புறத்தில் எதனாலும் அழுத்திப் பிணைக்கப்படாமல் தளர்வாக விடப்பட்டிருப்பதே புதுமை என்று அது வாதிட்டது. இதன் பயன் உண்மையானதே. மணிகள் இறுகிப்போனால் நீர் சில தடங்களில் மட்டும் பாயும். பெரும்பகுதி மணிகள் பயன்படாமற் போகும். தளர்வாக விடப்பட்ட மணிகளின் அடியிலிருந்து நீரை மேல்நோக்கிச் செலுத்தினால் அவை கிளர்ந்தெழுந்து இறுக்கம் நீங்கும். சிக்கிய மாசும் அகலும்.

ஆனால் 'தளர்வாக' என்னும் அவ்வொரு கருத்து விளக்கவுரையிலும் இல்லை, உரிமைக்கோரலிலும் இல்லை. வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும் என்பது நிறுவனத்தின் வாதம். நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. எழுதப்பட்டதை விளக்குவதற்கு வரைபடம் துணை செய்யலாம். எழுதப்படாத ஒன்றை அது ஈடுசெய்ய இயலாது என்பது தீர்ப்பின் சாரம். துறை வல்லார் செய்து பார்க்கும் அளவுக்குக் கருவியை விளக்குவதோடு, தான் கோரும் தனியுரிமையின் எல்லை எது என்பதையும் பொதுமக்களுக்கு அறிவித்தல் காப்புரிமையாளரின் கடமை எனவும் அது வலியுறுத்தியது. அறியப்பட்ட உறுப்புகளை இணைத்ததில் புத்தாக்கம் இல்லை என்பதும் தீர்ப்பின் மற்றொரு கூறாகும். காப்புரிமை செல்லாததாயிற்று.

மொழியியல் நோக்கில் இத்தீர்ப்பு சிறப்பாகக் கருதத்தக்கது. 'படுகையின் மேல் அமைந்த அடுக்கு' என்னும் தொடர் இடத்தைக் குறிக்கிறது, நிலையைக் குறிக்கவில்லை. மேலே அமைந்தது தளர்வாகவும் இருக்கலாம், பிணைக்கப்பட்டும் இருக்கலாம். ஆக்கியோனுக்கு இது ஐயத்திற்கு இடமற்றது. அவன் மனத்தில் கருவி முழுமையாக உள்ளது. சொல்லை மட்டுமே கையில் கொண்ட வாசகனுக்கு அவ்வாறன்று. எழுதுவோன் அறிந்ததெல்லாம் எழுத்தில் வந்துவிட்டது என்னும் மயக்கமே தொழில்நுட்ப உரைநடையின் பெருங்குறை. நிலையை உணர்த்தும் அடைமொழிகளை அலங்காரமெனக் கருதி விட்டுவிடும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இது பொருந்தும்.

5. பொருள் மாறப் பெயர் நிலைத்தல்

'சியோலைட்டு' என்னும் பெயர் 1756ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கனிமவியலர் குரோன்சுடெட் இட்டது. சூடாக்கும்போது நீராவி வெளியேறிக் கொதிப்பது போலத் தோன்றியமையால், 'கொதித்தல்', 'கல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களை அவர் இணைத்தார். நீர் மென்மையாக்கத் தொழிலில் இப்பெயர் செயற்கை அலுமினோ சிலிகேட்டுக்கும் கடற்படிவான பச்சை மணலுக்கும் நீண்டது. கந்தக அமிலத்தால் பதப்படுத்தப்பட்ட நிலக்கரி பரிமாற்றப் பொருளாக வந்தபோது அதன் வணிகப் பெயரிலும் 'சியோ' என்னும் முதலசை ஒட்டிக்கொண்டது. கொதித்தலும் இல்லை, கல்லும் இல்லை. அசை மட்டும் எஞ்சியது.

1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தெடிங்டன் வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆடம்சு, ஓம்சு ஆகிய இருவரும் செயற்கை ரெசின்களுக்கு அயனிப் பரிமாற்ற ஆற்றல் உண்டு என்பதை வெளியிட்டனர். அலுமினோ சிலிகேட்டு மணிகள் அமிலத்தைத் தாங்கா; ரெசின் தாங்கும். எனவே நேர்மின் அயனிகளுக்கு ஈடாக ஐதரசன் அயனியையும், எதிர்மின் அயனிகளுக்கு ஈடாக ஐதராக்சைடு அயனியையும் மாற்றி, கரைந்த உப்புகள் ஏறத்தாழ அனைத்தையும் நீக்குவது இயல்வதாயிற்று. 1940களில் அமெரிக்காவில் தாலெலியோ உருவாக்கிய பாலிஸ்டைரீன் அடிப்படையிலான ரெசின் இத்துறையை நிலைபெறச் செய்தது. மருந்துத் தொழில், சர்க்கரைத் தொழில், அருமண் தனிமங்களைப் பிரித்தல் எனப் பயன்பாடு விரிந்தது. புரோமீத்தியம் என்னும் தனிமம் 1945ஆம் ஆண்டில் ஐயத்திற்கிடமின்றி அடையாளம் காணப்பட்டதும் அயனிப் பரிமாற்ற முறையினாலேயே ஆகும்.

இந்தியாவில் இத்துறைக்கெனத் தோன்றிய முன்னணி நிறுவனம் 1964ஆம் ஆண்டில் பிரித்தானியப் பெர்முட்டிட் நிறுவனத்தின் கிளையாகத் தொடங்கப்பட்டது. அதற்கு இடப்பட்ட பெயர் 'அயான் எக்சேஞ்சு' என்பதாகும். இலத்தீனில் மறைந்திருந்த செயல் இப்போது வெளிப்படையான கலைச்சொல்லாகவே நிறுவனப் பெயரில் அமைந்தது.

6. தமிழில் எழும் இடர்ப்பாடுகள்

தமிழ்ப் பேச்சு வழக்கில் நீரின் தன்மையைப் பகுத்துணரும் அறிவு குறைந்ததன்று. பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர், உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என மக்கள் பயன்பாட்டினால் நீரை வகைப்படுத்துகின்றனர். பாடநூல் தமிழில் 'கடின நீர்', 'மென்னீர்' என்பன நிலைத்துள்ளன. இலங்கைத் தமிழில் நீரின் 'வன்மை' என்பர். 'கடின நீர்', அணு உலைகளில் பயன்படும் 'கன நீர்' ஆகிய இரண்டும் ஒலியால் நெருங்கியவை. பொருளால் சிறிதும் தொடர்பற்றவை. அச்சுப் பிழையாக ஓரிரு எழுத்துகள் விடுபட்டாலும் பெரும் பிழை நேரும்.

அதனினும் பெரிய இடர்ப்பாடு 'சுத்திகரிப்பு' என்னும் ஒரு சொல்லில் உள்ளது. தெளிவித்தல், வடிகட்டல், மென்மையாக்கல், உப்பு நீக்கல், கிருமி நீக்கல் ஆகிய ஐந்தும் வெவ்வேறு செயல்கள். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. தேற்றாங்கொட்டை கலங்கலைப் படியச் செய்யும், கடினத்தன்மையை நீக்காது. சுண்ணாம்பும் குளோரினும் சேர்ந்த வெளுப்புத்தூள் கிருமிகளைக் கொல்லும், உப்பை நீக்காது. கான்சின் மணிகள் கடினத்தன்மையை நீக்கும், கிருமிகளைக் கொல்லா. அவை நீரில் சோடியத்தைச் சேர்க்கவும் செய்கின்றன. கால்சியம் கார்பனேட்டு அளவில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கும்போது லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேர்கிறது. 400 மில்லிகிராம் எனில் சேரும் சோடியம் 184 மில்லிகிராம். உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் அறிவுறுத்திய ஒருவர், 'சுத்திகரிக்கப்பட்ட நீர்' என்னும் பெயரை நம்பி இதனைப் பருகினால் அச்சொல் அவரை ஏமாற்றிவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

கடைவழக்கில் இதற்கு நேர்மாறான விந்தை ஒன்றும் காணப்படுகிறது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையால் கனிம உப்புகளின் பெரும்பகுதி நீக்கப்பட்ட நீரை மக்கள் 'மினரல் வாட்டர்' என்று வழங்குகின்றனர். பெயர் சுட்டும் பொருளே நீக்கப்பட்ட பின் பெயர் மட்டும் நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நீர் மென்மையாக்கக் கருவி ஒன்றின் தமிழ்க் கையேட்டைச் சரிபார்க்கும் பணி எனக்கு வாய்த்தது. அடியிலிருந்து மேல்நோக்கி நீரைச் செலுத்தி மணிகளைக் கிளறும் படிநிலையை, மொழிபெயர்ப்பாளர் 'பின்னர்க் கழுவுக' என்று எழுதியிருந்தார். மூலச் சொல்லின் முற்பகுதி திசையைக் குறிப்பது. அவர் அதனைக் காலத்தைக் குறிப்பதாகக் கொண்டுவிட்டார். தமிழில் 'பின்' என்பது இடத்துக்கும் காலத்துக்கும் பொதுவாதலின் இப்பிழை எளிதில் கண்ணுக்குப் புலப்படவில்லை. அக்கையேட்டின்படி இயக்குவோர் மேலிருந்தே மீண்டும் ஒருமுறை நீரை ஊற்றுவர். மணிகள் மேலும் இறுகும். கருவியில் பழுதில்லை, வரைபடத்தில் அம்புக்குறியும் சரியாகவே இருந்தது. 1931ஆம் ஆண்டின் தீர்ப்பு அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. 'எதிர்த்திசைக் கழுவல்' என அதனைத் திருத்தினோம்.

'ரெசின்' என்பதைப் 'பிசின்' எனப் பெயர்ப்பதிலும் கவனம் தேவை. பிசின் என்றதும் தமிழர் மனத்தில் எழுவது மரத்தில் வடியும் ஒட்டும் பொருள். பரிமாற்ற ரெசினோ ஒட்டாத, உலர்ந்த மணலைப் போன்ற நுண்மணி. வேதியியல் பாடநூலில் 'பிசின்' பொருந்தலாம். கருவியை இயக்குவோருக்கான கையேட்டில் 'ரெசின் மணிகள்' என எழுதுதலே தகும்.

7. முடிவுரை

தமிழில் அறிவியல் சொல்லாக்க முயற்சிக்கு நெடிய மரபுண்டு. 1875ஆம் ஆண்டில் வெளிவந்த 'கெமிஸ்தம்' என்னும் நூலும், 1916ஆம் ஆண்டில் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய தமிழ் அறிவியல் சொல்லாக்கக் கழகத்தின் பணியும் அம்மரபின் மைல்கற்கள். அவற்றுள் எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் சொல்லின் மூலம் பற்றியவை: தமிழ்ச் சொல்லா, வடசொல்லா, ஒலிபெயர்ப்பா என்பவை. கான்சின் வரலாறு வேறொரு வினாவை முன்வைக்கிறது. சொல் எம்மொழியினதாயினும் ஆகுக. அது செயலை முழுமையாகச் சுட்டுகிறதா, அண்மையிலுள்ள பிற செயல்களிலிருந்து அதனைப் பிரித்துக் காட்டுகிறதா என்பதே அவ்வினா. இவ்வளவையால் நோக்கின் 'உறிஞ்சுதல்' தவறியது; இலத்தீன் வேருடைய 'பெர்முட்டிட்' வென்றது; நம் 'சுத்திகரிப்பு' தவறுகிறது.

ஆகவே நீர்த்தொழில் நூல்களிலும் அறிவிப்புகளிலும் மேற்கூறிய ஐந்து செயல்களுக்கும் ஐந்து சொற்களை வேறுபடுத்தி ஆளுதல் இன்றியமையாதது. பொதுச்சொல் வேண்டுமிடத்து 'நீர்ச்சீராக்கம்' போன்ற ஒன்றை ஆண்டு, எது நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்பதை அடுத்த தொடரிலேயே சொல்லிவிடலாம். 'தேறு' என்னும் தன்வினையிலிருந்து 'தேற்று' என்னும் பிறவினையை ஆக்கி, கலங்கிய நீருக்கும் கலங்கிய மனத்துக்கும் ஒருங்கே வழங்கிய மொழி நம்முடையது. செயலைச் சுட்டும் சொல்லுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பெயரைச் சொல்வதனால் நீர் தெளியாது என்பது மெய்யே. பெயரைப் பிழைபடச் சொன்னால், தெளிந்த நீரும் பருகுவோர்க்குத் தீங்காகக்கூடும் என்பதையும் மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கொள்ள வேண்டும்.